பீரோவும் செங்கல் நிறச் சட்டையும்

அந்தப் பெரிய துணிக்கடையில் துணி பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. வாங்குவதற்கு இல்லை. கையில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரியே பெண்கள் தளத்தில் நாள் முழுக்க நடப்பாள். ஒரு சட்டையை எடுத்து விரிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி மாட்டுவாள். கண் மட்டும் அடுத்தவர் கையில் இருக்கும். கையும் களவுமாக எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் பீரோ. உடம்பைப் பார்த்து வைத்தது. முதுகுக்குப் பின்னால் ரகசியமாகச் சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதல் நாளே தெரியும். அந்தத் தளத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பித்தான்கூட உருண்டது கிடையாது. அவள் கோபப்படவில்லை, ஏனென்றால் அந்த உடம்புதான் அவளுக்குச் சோறு போட்டது. குண்டாக ஒரு பெண், தொளதொளவென்ற கறுப்புச் சட்டையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் யார் பார்க்கிறார்கள்? திருட வந்தவர்கள் அவளைத் தூணைச் சுற்றிப் போவது போலச் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் வாசலில் அந்தத் தூணே வந்து கையைப் பிடிக்கும்.

முழங்கால் மடக்க முடியாமல் போனபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாயைக் கட்டினாள், விடியலில் நடந்தாள். ஒன்றரை வருடத்தில் பாதி ஆளானாள். எடை பார்க்கும் இயந்திரம் சொன்னதை அவள் நம்பவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று வேறொரு மருந்துக்கடையில் ஏறிப் பார்த்தாள். அங்கேயும் அதே எண். இரண்டு கடைக்காரனும் ஒரே இடத்தில் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, சூப்பரா ஆயிட்டீங்க" என்று விற்பனைப் பெண்கள் சொன்னார்கள். கூடாரம் மாதிரி நிற்கிறவளிடமும் "சூப்பர்" சொல்வதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். நாத்தனார் ஒரு பூப்போட்ட சட்டை வாங்கி வந்து கொடுத்தாள். போட்டுப் பார்த்தால் சோபா உறை எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது. "உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். அடுத்த வாரமே வந்து இரவல் கேட்கப் போகிறாள் என்று இவள் கணித்தாள். கணிப்பு தப்பவில்லை.

வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"உள்ளுக்குள்ள ஏதாச்சும் வியாதியா? மறைக்காம சொல்லிடு."

"ஒண்ணுமில்லங்க. நடக்கிறேன்ல."

"நடந்தா இவ்வளவா? நானும்தான் நடக்கிறேன்."

"நீங்க வேன் ஓட்டுறீங்க."

அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அவள் குளிக்கப் போனால் மருந்துச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கைப்பையைத் துழாவினார். அவள் பையின் ஜிப்பைப் பாதி மூடி வைத்திருப்பாள், வந்து பார்த்தால் முழுக்க மூடியிருக்கும். திருடத் தெரியாத மனுஷன்.

புதுத்துணி மட்டும் அவள் வாங்கவில்லை. போன உடம்பு எங்கேயோ மூலையில் ஒளிந்திருக்கிறது, அசந்தால் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தால் போட்டுக்கொள்ளத் துணி வேண்டாமா? பழைய கறுப்புச் சட்டைகளையே உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்திக்கொண்டாள். இடுப்பில் நான்கு, தோளில் இரண்டு. உடம்பு இறங்க இறங்க ஊக்கு ஏறியது.

சனியன் அதில்தான் வந்தது.

பெண்கள் தளத்தில் சரக்கு குறைய ஆரம்பித்திருந்தது. விலை கூடிய மெல்லிய சட்டைகளாகப் பார்த்துக் காணாமல் போயின. ஒவ்வொரு துணியிலும் ஒரு பிளாஸ்டிக் பூட்டு மாட்டியிருக்கும், பில் போடாமல் வெளியே எடுத்துப் போனால் வாசலில் மணி அடிக்கும். மணியும் அடிக்கவில்லை, சட்டையும் இல்லை. புதிதாக வந்த மேனேஜர், முகத்தில் இன்னும் மீசை சரியாக ஊன்றாத பையன், வேலை முடிந்து போகும் ஊழியர்கள் எல்லோரையும் சோதிக்கச் சொன்னான்.

வாசல் காவலாளிக்குப் பெயர் மிலிட்டரி. ராணுவத்தில் இருந்ததில்லை, நிற்கிற தோரணைக்காக வைத்த பெயர். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததே பீரோதான். அவள் சொன்னவை இரண்டு: "தொளதொளன்னு போட்டிருக்கிற ஆளை ரெண்டு தடவை பாரு. மணி அடிச்சா, அடிச்ச ஆளை மட்டும் பார்க்காத, சுத்திப் பாரு. சத்தம் கேட்டா உலகமே திரும்பும். திரும்பாம போறவங்கதான் திருடங்க."

அன்று சாயங்காலம் மிலிட்டரி கையிலிருந்த, இரும்பு பட்டால் கத்தும் கருவியை அவள் மேல் ஓட்டினான். இடுப்புக்கு வந்ததும் கீச்சென்று கத்தியது. தோளுக்கு வந்ததும் கத்தியது.

"அக்கா... என்னக்கா இது?"

"ஊக்கு."

"எடுத்துக் காட்டுங்கக்கா. மேனேஜர் பார்க்கிறார்."

அத்தனை பேருக்கும் முன்னால் ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். கடைசி ஊக்கு வந்ததும் சட்டை அவிழ்ந்த பந்தல் மாதிரி சரிந்து, அவள் நடுவில் கொடிக்கம்பம் போல நின்றாள். யாரோ சிரித்தார்கள். யார் என்று அவள் திரும்பாமலே தெரிந்துகொண்டாள்.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சட்டைக்குள்ள இன்னும் நாலு சட்டை போட்டுக்கலாம், வெளியே தெரியாது. சரக்கு போறது உங்க தளத்துல. பிடிக்க வேண்டியது நீங்க. பிடிக்கிறது மட்டும் நடக்கல."

"நான் எடுத்தேன்னு சொல்றீங்களா சார்?"

"நான் எதுவும் சொல்லல. இந்த மாசம் சரக்கு சரிபார்க்கும்போதும் குறைஞ்சா, நீங்களே நின்னுக்குங்க. அதுதான் உங்களுக்கும் மரியாதை."

இத்தனை வருஷம் பிறரைப் பார்த்த பார்வையை அன்றுதான் அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்தப் பையன் மேல்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் அவள் இருந்தாலும் இந்தச் சட்டையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பாள்.

புதுத்துணி பார்க்க முயன்றாள். இறுக்கமாகப் போட்டால் தெருவில் தோலில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. தன் வயதுப் பெண்கள் போடுவதைப் போட்டால் வேறு யாருடைய வீட்டிலோ தவறி நுழைந்தது போல. உடை மாற்றும் அறைக் கண்ணாடிகளையும் நம்ப முடியாது. தச்சர் அவற்றின் அடியை முன்னால் இழுத்து, தலைப்பக்கத்தைச் சாய்த்து, பின்னால் கட்டை செருகியதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அப்படிச் சாய்த்தால் பார்க்கிறவர் உயரமாக, ஒல்லியாகத் தெரிவார். வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் மதியம், கூட்டம் மந்தமாக இருந்த நேரம். உடை மாற்றும் அறைகளுக்கு முன்னால் இருந்த ஒடுங்கின வழியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசி அறையிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் வெளியே வந்தாள். நல்ல முகம், பள்ளிக்கூட டீச்சர் போல. மேலே பெரிய சாம்பல் நிற அங்கி. இவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண் இடுப்பில் நின்றது. பக்கத்தில் வந்து, சட்டை பார்ப்பவள் போலக் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஊக்கா குத்தியிருக்கீங்க?"

பீரோ கூடையால் இடுப்பை மறைத்தாள். "ஏன்?"

"வாசல்ல ஒருத்தன் மெஷின் வச்சிருக்கான். கத்திடும். நாடா வச்சுத் தைச்சுக்கங்க. புதுசா தொழிலுக்கு?"

தன்னை அவள் யாராக நினைக்கிறாள் என்று புரிய ஒரு நொடி ஆனது. சிரிப்பு வந்தது. உடனே பிடிக்க முடியாது. பில் போடும் இடத்தைத் தாண்டி, சரக்கோடு பிடித்தால்தான் செல்லும். சந்தேகம் வராமல் பேச்சை நீட்ட வேண்டும்.

"ஆமா" என்றாள். "இன்னும் பழகல."

"பார்த்தாலே தெரியுது. இந்தக் கறுப்புல நின்னா திருட வந்தேன்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. தப்பா நெனைக்காதீங்க." அந்தப் பெண் பக்கத்துக் கம்பியிலிருந்து ஒரு சட்டையை உருவினாள். செங்கல் நிறம். முழங்கால் வரை நேராக இறங்குவது, கை முட்டியோடு நிற்பது, பூவோ சரிகையோ இல்லாதது. "உங்க தோளுக்கு இதுதான். தோள் நல்லா இருக்கு உங்களுக்கு, அதைப் போய் மூடி வச்சிருக்கீங்க. போட்டுப் பாருங்க. நான் கெளம்புறேன்."

வேண்டாம் என்றால் காரியம் கெட்டுவிடும். போய்ப் போட்டால் இவள் நழுவிவிடுவாள். மெதுவாகத்தான் போவாள், தொழில் தெரிந்தவள் அவசரப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டு பீரோ உள்ளே போனாள். கணக்கு மட்டும்தானா என்பது வேறு விஷயம். கறுப்பைக் கழற்றினாள். ஊக்குகள் தரையில் சிதறின. செங்கல் நிறத்தைத் தலைவழியே போட்டாள்.

கண்ணாடியில் ஒருத்தி நின்றாள். பூ இல்லை, இறுக்கம் இல்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு தோள்கள், இத்தனை நாள் எங்கே இருந்தோம் என்று கேட்பது போல. நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. திருடி எதற்கு உண்மை சொல்கிறாள்? சக திருடியிடம் பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? விற்கவும் இல்லை, இரவலும் கேட்கவில்லை. அப்படியென்றால் பொய் சொல்வது கண்ணாடிதான்.

கண்ணாடியின் இரண்டு பக்கமும் பிடித்து, பின்னால் இருந்த கட்டையைக் காலால் தள்ளிவிட்டு, சுவரோடு நிமிர்த்தினாள்.

நிமிர்ந்த கண்ணாடியிலும் அதே ஆள்தான் நின்றாள். அதை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து என்னவோ பொலபொலவென்று கொட்டியது. பிளாஸ்டிக் பூட்டுகள். கை நிறைய, காலடி நிறைய. காணாமல் போன ஒவ்வொரு சட்டையின் பூட்டும் சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பூட்டைக் கழற்றி இங்கே போட்டுவிட்டு, சட்டையை உள்ளே போட்டு, மேலே அங்கியை மாட்டிக்கொண்டு, மணியே அடிக்காமல் போயிருக்கிறாள் டீச்சர் முகக்காரி.

பீரோ ஓடினாள். ஓடுகிறோம் என்பதே படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் நிற அங்கி பில் போடும் இடத்தைத் தாண்டி வாசலை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பீரோவும் அதே வாசலுக்குப் பாய்ந்தாள்.

மணி அடித்தது. அவள் போட்டிருந்த செங்கல் நிறச் சட்டையின் பூட்டு.

மிலிட்டரி குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தான். மாடிப்படியிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் 'அப்பவே நெனச்சேன்' என்று எழுதியிருந்தது.

"என்னக்கா இது... புதுச்சட்டை, பூட்டோட..."

"அவளைப் பிடிடா! சாம்பல் அங்கி!"

"முதல்ல நீங்க உள்ள வாங்கக்கா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"எல்லாருமா பார்க்கிறாங்க?" என்றாள் அவள் மூச்சு வாங்க. "நல்லா சுத்திப் பாருடா."

மிலிட்டரி சுற்றிப் பார்த்தான். மணி கத்திக்கொண்டே இருந்தது. பில் போடுகிறவள் திரும்பியிருந்தாள். வரிசையில் நின்றவர்கள், குழந்தைகள், தெருவில் நின்றவன்கூடத் திரும்பியிருந்தான். ஒரு முதுகு மட்டும் திரும்பவே இல்லை. ஒரே சீரான நடையில் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவன் பீரோவின் கையை விட்டான். கதவைச் சாத்தினான்.

அங்கிக்குள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிய சட்டைகள். வெங்காயம் உரிப்பது போல உரிக்க உரிக்க மேனேஜரின் முகம் சுருங்கியது. அவளை மேலே கூட்டிப் போகும்போது அந்தப் பெண் பீரோவின் முன்னால் ஒரு நொடி நின்றாள்.

"அடிப்பாவி, நம்ம ஆளுன்னு நெனச்சு வாயை விட்டேனே."

பீரோ வழிவிட்டு ஒதுங்கினாள்.

"ஆனா சட்டை விஷயத்துல நான் பொய் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தான். "நாளைலேருந்து அந்தப் பழைய கறுப்புச் சட்டையே போட்டுட்டு வாங்க. திருடங்க தானா வந்து பேசுறாங்கன்னா நமக்கு நல்லதுதானே."

"திருடங்க நம்புறாங்க சார். நீங்க நம்பலயே" என்றாள் அவள். "நான் இதுலேயே வர்றேன். ஒளிஞ்சு நின்னு பார்த்தது போதும். அந்த அறை வாசல்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி நிக்கிறேன். எவ எடுக்கிறான்னு பார்க்கிறேன்." அவன் தலையாட்டினான். வேறு வழியில்லை. பிறகு தயங்கித் தயங்கி, "அந்தச் சட்டைக்கு... பில்..." என்றான். அவள் வரிசையில் நின்று, பூட்டு தொங்கும் கையை நீட்டி, பில் போட்டுக்கொண்டாள்.

போகும்போது மிலிட்டரி கருவியை எடுக்கவில்லை. "ஓட்டுடா" என்றாள். ஓட்டினான். தலையிலிருந்து கால்வரை அது வாயே திறக்கவில்லை.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து அப்படியே நின்றார்.

"யாரு எடுத்துக் குடுத்தது?"

"கடைக்கு வந்த ஒரு திருடி."

"கேட்டா என்னைக்காவது நேரா பதில் சொல்லியிருக்கியா?" அவர் அவளை ஒரு சுற்று சுற்றி வந்தார். சட்டைக்கையை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு டீ போட்டா குடிப்பேன்."

அதானே என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும்வரை எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் செங்கல் நிறத்தில் ஒருத்தி நின்றாள். பீரோ கிட்டே போய், கண்ணாடி சாய்ந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.