படகுக்குப் போட்ட தேக்கு

தொண்ணூத்தேழோ தொண்ணூத்தெட்டோ, சரியா ஞாபகம் இல்லை. அடையாறு பக்கம் எங்க குப்பத்துல நடந்தது. குப்பத்துல பொறந்தும் எனக்குக் கடல் ஒத்துக்கல. தச்சு வேலைக்குப் போயிட்டேன். அப்பவே இருபது வருஷமா மயிலாப்பூர் வீடுங்களுக்குக் கதவு, ஜன்னல் செஞ்சு கை காய்ச்சுப் போயிருந்தது. மரத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்னு ஒரு திமிர்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். மேல பார்த்தா பளபளன்னு இருந்தது. தரைக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற கட்டைங்க மட்டும் ஃபைபருக்குள்ளயே மக்கி, தொட்டா உதிர்ந்தது. "நீதான் மாத்திக் குடுக்கணும் மச்சான்"னார். ஃபைபர் பூசுறவரு, தண்ணி தாங்குற ப்ளைவுட் போதும்னு சொன்னார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "ப்ளைவுட்ல பீரோ செய்யவாய்யா என்னைக் கூப்ட்டீங்க?"ன்னு கத்திட்டேன்.

அப்பல்லாம் ஃப்ளாட் கட்டறதுக்காகப் பழைய வீடுங்களை இடிச்சுக்கிட்டே இருப்பாங்க. ராஜா அண்ணாமலைபுரத்துல இடிச்ச ஒரு வீட்டு வாசக்கால், நல்ல தேக்கு, எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். அதை அறுத்து, இழைச்சு, எட்டு நாள் வெயில்ல குனிஞ்சே கிடந்து பொருத்தினேன். தங்கச்சி தடவிப் பார்த்துட்டு, "இன்னாண்ணா, எண்ணெய் தொட்டா மாதிரி கீது, மேல பூசுற ஃபைபர் பசை புடிக்குமா?"ன்னு கேட்டா. "நீ போய் மீன் விக்கிற வேலையப் பாரு"ன்னேன். இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஃபைபர் பூசி, படகைக் கடல்ல இறக்கின மூணாவது வாரம். காலைல திரும்ப வேண்டிய படகு மத்தியானம் ஆகியும் வரலை. தங்கச்சி மணல்ல உட்கார்ந்து கடலையே பார்த்துக்கினு இருந்தா. அழக்கூட இல்லை. அவ பக்கத்துல போய் உட்கார எனக்குத் தைரியம் வரலை.

கடைசியில இன்னொரு படகுதான் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தது. அலை அடிச்ச அடியில தேக்கு மேல இருந்த ஃபைபர் தோலா உரிஞ்சு, கட்டைங்க கழண்டு, அடியில விரிசல் விட்டிருந்தது. தங்கச்சி வீட்டுக்காரரும் கூடப் போனவரும் மணிக்கணக்கா தண்ணியை வாரி ஊத்தியே உயிரோட வந்திருக்காங்க.

தேக்குல இருக்குற எண்ணெய்தான் பசையைப் பிடிக்க விடலைன்னு அப்புறம் ஃபைபர்காரர் விளக்கினார். எந்தக் குணத்துக்காகக் கதவுக்குத் தேக்கு தேக்குன்னு தலையில தூக்கி வெச்சு ஆடினேனோ, அதுவே படகுக்கு ஆகலை.

எல்லாத்தையும் பேத்தெடுத்து, அந்த ப்ளைவுட்டையே வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். இடுப்பு ஒடிஞ்சது பெருசில்லை, வெட்கம்தான் ஆளைக் கொன்னுடுச்சு. வேலை முடிஞ்ச அன்னிக்கு தங்கச்சி வீட்டுக்காரர் என் தோள்ல கை போட்டு, "மரம் நல்ல மரந்தான் மச்சான், நம்ம படகுக்குத்தான் சரிப்படல"ன்னார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கே தீர்ந்து போயிருக்கும். அவர் திட்டாம விட்டதால, இத்தனை வருஷமா நானே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.