விருதுநகர் பஜாரில் ஜப்பான் வாள்தட்டு

பழைய பாத்திரம் வாங்கி விற்கிற தொழிலுக்கு எடை பார்க்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என் அப்பா என்னை விருதுநகர் பஜாரில் கடையில் உட்கார வைத்தார். தராசில் வைத்தால் கால் கிலோகூடத் தேறாத ஒரு வட்டத் தட்டுக்குப் பின்னால் முப்பது வருஷம் அலைவேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தபால்தலையோ, பழைய காசோ, தீப்பெட்டிப் படமோ, எதையாவது சேர்த்து வைத்து வீட்டில் திட்டு வாங்குகிற எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பில் புத்தகத்தின் மேல் இருந்தது

பர்மாவில் கடை வைத்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தின் வீட்டை இடித்தபோது, பித்தளைச் சாமான்களை மூட்டையாக என் கடைக்கு அனுப்பினார்கள். மூட்டையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு இரும்புத் தட்டு கிடந்தது. நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துளை. அதன் இரண்டு பக்கமும் சின்னதாக இன்னும் இரண்டு துளைகள். ஓரத்தில் பறக்கிற இரண்டு வாத்துகளை அறுத்து எடுத்திருந்தார்கள். என்னவென்று தெரியாமல், காற்றில் பறக்காமல் இருக்க பில் புத்தகத்தின் மேல் வைத்தேன். நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் போட்டோ எடுக்கிற பால்ராஜ் எனக்கு சிநேகிதன். அவர்கள் பிரஸ்ஸுக்கு ஜப்பானிலிருந்து புது மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொடுக்க வந்த இன்ஜினீயருக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை பால்ராஜ் தலையில் விழுந்தது. என் கடைக்கும் கூட்டி வந்தான். பித்தளை அண்டாவையெல்லாம் புன்னகையோடு பார்த்துக்கொண்டு வந்த மனுஷன் என் மேஜைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "சுபா" என்றார். வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கை வழுக்கி வெட்டுப்படாமல் இருக்க மாட்டுகிற தட்டு என்று படம் போட்டுக் காட்டினார். பக்கத்துத் துளைகள் வாளோடு செருகி வைக்கும் குட்டிக் கத்திக்காம்.

அவ்வளவுதானே என்று நான் அதை ஒற்றைக் கையால் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பால்ராஜிடம் என்னவோ மெதுவாகச் சொன்னார். பால்ராஜ் சங்கடத்தோடு என்னிடம் சொன்னான்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. ரெண்டு கையாலயும் குடுக்கச் சொல்லுதாரு."

யார் அந்தச் சுபா?

அதற்குப் பிறகு பித்துப் பிடித்துவிட்டது. புத்தகம் வரவழைத்தேன். பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே பால்ராஜிடம் போனில் பேசினேன்: "மதுரையில ஒரு சுபா இருக்குதாம். வயசு ஆயிருச்சு, ஆனா பார்க்க லட்சணமா இருக்காம். ஞாயித்துக்கிழமை போயிப் பார்த்துட்டு வந்துருவோம்."

ரசம் ஊற்ற வந்த என் மனைவி திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை நிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வாசலில் நின்றாள். "நானும் வாரேன்" என்றாள். மதுரையில் கடைக்காரர் துணியை விரித்து, துருவேறிய ஓர் இரும்புத் தட்டை எங்கள் முன்னால் வைத்தார். "இதுதான் சுபா" என்று நான் காட்டினேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கா நான் பட்டுச்சேலை கட்டிட்டு வந்தேன்?"

ஆலங்குளத்திலிருந்து ஒருவர்

வட்டமாக, நடுவில் துளையோடு பழைய இரும்பு கொண்டுபோனால் விருதுநகரில் ஒருத்தர் வாங்குகிறார் என்று பேச்சுப் பரவியது. திரிகைப் பூண், வண்டிக் கடையாணித் தகடு, செக்குச் சாமான் எல்லாம் வந்தன. ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பெரிய மெஷினில் போடுகிற வாஷர் ஒன்றைத் துண்டில் சுற்றி, பஸ் ஏறிக் கொண்டுவந்தார். நான் பொறுமையாக விளக்கினேன். வாள் நுழைகிற துளை ஆப்பு வடிவில் இருக்கும், மேலே குறுகி, கீழே அகலமாக. இது சுத்த வட்டம். அவர் முகம் வாடவே இல்லை.

"ஓட்டைதான் சரியில்லன்னா சொல்லுங்க அண்ணாச்சி, பட்டறையில குடுத்து ராவிட்டு வந்துருதேன்."

பால்ராஜின் லென்ஸ்

கொச்சிக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் மூங்கில் இலை வெட்டிய தட்டு ஒன்றைப் பார்த்தேன். பேரம் பேசாமலே வாங்கினேன். மடியில் வைத்தே ஊருக்குக் கொண்டுவந்து, நேராக சிவகாசிக்குப் போனேன். அச்சில் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸை பால்ராஜ் அதன் மேல் வைத்தான். மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். பிறகு இலைகளின் உள்விளிம்பைக் காட்டினான். மயிரிழை மாதிரி ஒரு கோடு சுற்றிலும் ஓடியது. வார்ப்பு அச்சில் இரும்பை ஊற்றும்போது இரண்டு பாதியும் சேருகிற இடம் அது. கொல்லன் தட்டி, அரத்தால் அறுத்தெடுத்த தட்டில் அந்தக் கோடு இருக்காது. நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தோம். என் வாத்துத் தட்டு மணி மாதிரி இழுத்துப் பாடும். இது 'டொக்' என்றது.

அழுகை வரும்போல இருந்தது எனக்கு. பால்ராஜ் டீ வாங்கிக் கொடுத்தான். இப்போது அவன் மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். புதுத் தட்டு எது வந்தாலும், லென்ஸை எடுத்தவுடன் அன்றைக்கு அவன் சொன்னதுதான் காதில் விழுகிறது: "அண்ணாச்சி, இது வாளைக் கண்ணால கூடப் பார்த்திருக்காது."

மூன்று தடவை

சாத்தூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் போனில் படம் அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கன்னங்கரேலென்ற தட்டில் தங்கத்தில் ஒரு வெட்டுக்கிளி. செம்பில் துளித் தங்கம் கலந்து, மருந்துத் தண்ணீரில் போட்டு அந்தக் கருப்பை வரவழைப்பார்கள். அந்தக் கருப்புதான் அதற்கு அழகு. அதுவரை புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். "உடனே கொண்டுவாங்க" என்றேன். 'ஒன்றும் செய்யாமல்' என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் வாத்தியார் மனைவியோடு வந்தார். புதுச் செம்புச் சொம்பு மாதிரி தட்டு தகதகத்தது. அந்தம்மா முகமும் அதற்குச் சமமாக. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. "நல்லா இருக்கு தாயி" என்றேன், வேறென்ன சொல்ல?

"அழுக்கு எம்புட்டு இருந்துச்சு தெரியுமா அண்ணாச்சி? மூணு தடவை புளி போட்டேன்."

சயாம் ரயில்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு விட்டிருந்த சமயம். சிவகாசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல். வெடிக்குழாயில் மருந்து அடைக்கிற வேலை. மஞ்சள் பையிலிருந்து எடுத்துத் தந்தது ஒரு பித்தளைத் தட்டு. நாலு பக்கமும் செர்ரிப் பூ, ஓரத்தில் ஓர் எண். யுத்த காலத்தில் ஜப்பான் ராணுவத்துக்காக பாக்டரியில் ஒரே மாதிரி அடித்துத் தள்ளியது. என்னைப் போன்றவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. "இது பழசு இல்லம்மா, எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"விக்க வரல. எதோடதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவருடைய அய்யா வாலிபத்தில் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் பிடித்து சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனான் என்றும், கூடப் போனவர்கள் கொள்ளை கொள்ளையாகச் செத்தார்கள் என்றும், யுத்தம் முடிந்து வாள்களைக் குவித்துப் போட்டு உடைத்த இடத்தில் இதைப் பொறுக்கினேன் என்றும் சொல்வாராம். ஊரில் யாரும் நம்பவில்லை. பினாங்கு ஓட்டலில் எச்சில் கிளாஸ் கழுவியவன் கதை விடுகிறான் என்று கூடப்பிறந்த தம்பியே கல்யாண வீட்டில் வைத்துச் சிரித்தாராம். அன்றோடு அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். சாகிறவரைக்கும் பேசவில்லை.

நான் தட்டைத் திரும்ப வாங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கையையும் நீட்டியிருந்தேன். எண்ணைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன், பூவின் இதழ்களை எண்ணினேன். "உங்க அய்யா ரயில் போட்டாரான்னு இந்தத் தட்டு சொல்லாதும்மா. ஆனா அந்த யுத்தத்துல ஜப்பான் ஆபீசர் இடுப்புல தொங்குன வாளோடது. அதுல சந்தேகமே இல்ல. ஓட்டல்ல கிடைக்கிற சாமான் இல்ல இது" என்றேன்.

அந்தம்மா தட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நகக்கண்ணில் இன்னும் மருந்துப் பொடி வெள்ளியாக மின்னியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை மடித்து இடுப்பில் செருகினார்.

"இதை ஒரு பேப்பர்ல எழுதி, கடை சீலு குத்திக் குடுங்க அண்ணாச்சி. சிரிச்ச சின்னையா போயிட்டாரு, அவரு மகன் இன்னும் உசுரோடதான் இருக்கான், வாசிச்சுக் காட்டணும்."

ஒரு வாளைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், வாளின் தட்டுகளோடு மட்டுமே முப்பது வருஷம் மல்லுக்கட்டிய ஆள் விருதுநகரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.