சந்தனம் ஒட்டாத கார்

என் மனைவிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சுங்கை ஊடாங்கில் வேலை கிடைத்தது. தனியாகப் போய்வர ஒரு பழைய கார் வாங்கினோம். நாற்பது வயதில் பயந்து பயந்து லைசென்ஸ் எடுத்தவள் அவள்.

கோவிலில் காருக்குப் பூசை போடும் அன்று பளபளவென்று இருக்கட்டுமே என்று, தீபாவளிக்கு அலமாரி துடைத்து மீந்த பர்னிச்சர் பாலிஷை யாரிடமும் சொல்லாமல் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி காரின் முன்பக்கம் சந்தனப் பொட்டு வைத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. மறுபடி வைத்தார். அதுவும் இறங்கியது.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. சாவியை என் கையில் திணித்தாள்.

“சாமிக்கே புடிக்கல. எனக்கு இந்தக் காடியும் வேணாம், வேலையும் வேணாம்லா.”

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“சாமிய ஏன் இழுக்குற? நான்தான் அலமாரி பாலிஷ் போட்டேன்.”

அவள் குனிந்து காரை முகர்ந்து பார்த்தாள்.

“அதான் வழியெல்லாம் நம்ம அலமாரி வாசம் அடிச்சிச்சா!”

முதலில் பூசாரிதான் சிரித்தார். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

கோவிலில் பாத்திரம் கழுவும் சோப்பை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைக் கழுவினேன். இந்த முறை சந்தனம் வைத்த இடத்திலேயே நின்றது. அவள் சாவியை வாங்கிக்கொண்டு எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றினாள்.

இப்போது கார் மங்கலாகத்தான் இருக்கிறது. அதில் என் முகம் தெரிவதில்லை. சாயங்காலம் அது வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிகிறது. எனக்கு அது போதும்.