தனி அறைக்குப் பதினொரு காரணங்கள்

"எவளோ ஒருத்திகிட்ட போயி சொன்னா உன் பிரச்சின தீந்துருமோ? அவ என்ன மந்திரிச்சு விடுதவளா?"

கவுன்சிலிங்குக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இது.

என் பிரச்சினை இதுதான். எனக்கு வேலை கிடைத்த ஆபீஸ் செம்பூரில். அதன் பக்கத்திலேயே வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் ஒரு தனி அறை காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். தாராவியில் எங்கள் வீடு ஒரே கோலி. அந்த ஓர் அறையில் ஐந்து பேரும் எந்நேரமும் ஓடும் ஒரு டிவியும். ஆனால் பெற்றவர்கள் இதே ஊரில் இருக்கும்போது கல்யாணமாகாத பெண் தனியாக அறை எடுத்தால், சந்து முழுக்க அதுதான் பேச்சு. விடுதிக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை சந்தில் எல்லோருக்கும் படிவம் நிரப்புகிறவளும் நான்தான். ஆபீசருக்குப் பிடிக்காததை எழுதக் கூடாது, வித்தை அவ்வளவுதான். நான் நிரப்பிய ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மாட்டுங்காவில் சனிக்கிழமைதோறும் இலவசமாக ஆலோசனை சொல்லும் அம்மையாரிடம் அதே கெத்தோடு ஒரு தாளை நீட்டினேன். பதினொரு காரணங்கள். பயண நேரம் மிச்சம், பரீட்சைக்குப் படிக்கலாம், தம்பிக்குப் படுக்க இடம் கிடைக்கும்... அடிக்கோடெல்லாம் போட்டிருந்தேன். நூற்றுக்கு நூறு எதிர்பார்த்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதுக்கெல்லாம் அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணொண்ணுக்கும் பதில் வச்சிருக்காங்க மேடம். செம்பூர் பஸ்ல அரைமணி நேரந்தானாம். நான் எழுதப்போற பரீட்சை எதுவும் இல்லயாம். தம்பி மொட்டமாடில படுத்துக்குவானாம்."

"அப்ப எழுதாம விட்டது ஒண்ணு இருக்குமே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா ஆசையா இருக்கு மேடம். கதவச் சாத்திட்டுத் தனியா கெடக்கணும். இத யாரு ஒத்துக்குவா?"

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீட்டில் தள்ளுபடி ஆகும் என்று நானே முன்கூட்டித் தள்ளுபடி செய்திருந்தேன். படித்த திமிர் பாருங்கள்.

அன்றைக்கே அம்மாவிடம் அந்த ஒரு காரணத்தை மட்டும் சொன்னேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். முதுகில் ஒன்று விழும் என்று தள்ளி நின்றேன்.

"கதவச் சாத்திட்டு என்னட்டி செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்மா."

"கல்யாணமான நாள்லேருந்து எனக்குந்தான் அந்த ஆச. யாருட்ட போயி சொல்லுதது?" உடனே குரலை ஏற்றிக்கொண்டாள். "அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரலன்னா கால ஒடிச்சிருவேன். சந்துல எவளும் கேட்டா ஆபீஸ்ல குடுத்த ரூமுன்னு சொல்லு."

என்னைவிட நன்றாகப் படிவம் நிரப்புவாள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு விடுதியில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கினேன். பாயையும் பக்கெட்டையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தாயிற்று.