கப்பல் நின்ற வாரத்தில் முருகன் அனுப்பிய ஆள்

தீபாவளி அன்று காலையில் மகள் போனில் பேசினாள். லேசாகக் காய்ச்சல் என்றாள். குரல் கீழே கிடந்தது. அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது.

நான் அந்தமான் பக்கம் ஹட் பேயில். அவள் சென்னையில். நடுவில் கடல். அந்த வாரம் கடலில் காற்றழுத்தம். கப்பலை நிறுத்திவிட்டார்கள். போர்ட் பிளேர் போகிற போட்டும் இல்லை.

இதுதான் எனக்கு வந்த கஷ்டம். முருகன் அதில் என்ன செய்தான் என்று கோவில் மலரில் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் சுப்பையா. அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து தீவுக்கு வந்து இறங்கியவர்கள். நான் இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன். தோட்டத்தை மூடின பிறகு கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் சுமை தூக்குகிறேன். மனைவி புஷ்பம். ஒரே மகள் கௌரி. படித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மண்ணைப் பற்றிப் படிக்கிற டாக்டர்.

ஆடி மாதம் அவளுக்குச் சென்னையில் ஒரு பெரிய யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. கோவிலில் பொங்கல் வைத்தோம். கப்பல் ஏற்றி விட்டோம். அவ்வளவுதான், இனிமேல் கஷ்டம் இல்லை என்று நினைத்தேன்.

அங்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய இடம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டுமாம். வேலைக்கு எடுத்த புரொபசர் வெளிநாடு போய்விட்டார். லேபில் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. இவளைத் தெரியாது, அவ்வளவுதான்.

"அப்பா, கேன்டீன்ல தனியாத்தான் சாப்புடுறேன். இங்க யாருக்கும் என்னயத் தெரியாது."

"போகப் போகச் சரியாப் போகும்."

"நான் ஹிந்தி கலந்து பேசுறேன்னு சிரிக்கிறாங்கப்பா. வடக்கத்திப் புள்ளயான்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஹட் பேன்னு சொன்னேன். அது எந்த நாடுன்னு கேட்டாங்க."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த புஷ்பம் சிரிக்கவில்லை.

"திரும்பி வந்துரட்டுமான்னு புள்ள கேக்குது. ஒங்களுக்கு அது வெளங்கலயா?" என்றாள்.

விளங்கியது. ஆனால் வா என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே வந்து என்ன செய்வாள்?

புரட்டாசி கடைசியில் நிதாய் தாதா சென்னைக்குக் கிளம்பினார். எங்கள் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பெங்காலி. தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். மனைவிக்குக் கண் ஆபரேஷன். எங்கள் தீவில் மெயின்லேண்ட் போகிறவர் கையில் பார்சல் கொடுத்துவிடுவது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. வாங்கிக்கொண்டவர் அதை உரியவர் கையில்தான் கொடுப்பார். நேரில் பார்க்கவே முடியாவிட்டால்தான் வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வருவார்.

புஷ்பம் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கோவில் விபூதியும் கட்டிக் கொடுத்தாள். நான் மேலே எழுதினேன். கௌரி, அந்தமான், யுனிவர்சிட்டி, சென்னை. கீழே அவள் போன் நம்பர்.

நிதாய் தாதா பார்த்தார். "அண்ணா, பதா, விலாசம் இவ்ளோதானா?" அவர் பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் பேசுவார்.

"போதும் தாதா. போயி கௌரின்னு கேட்டா சொல்லுவாங்க."

இங்கே ஜெட்டியில் இறங்கி சுப்பையா வீடு என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்று மகள் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி தீபாவளிக்குப் பிறகு நடந்தது.

போன் போட்டேன். அணைந்தே இருந்தது. எங்கள் தீவிலும் டவர் வரும், போகும். யுனிவர்சிட்டி நம்பர் ஒன்றைத் தேடி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பண்டிகை லீவு. தெரிந்த இடத்தில் எல்லாம் சொன்னேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஜெட்டிக்குப் போய் நின்றேன். தூக்கச் சுமை இல்லை. சும்மா நின்றேன். உடம்பு மூட்டை தூக்கினதைவிடக் களைத்தது.

நிதாய் தாதா நினைப்பே வரவில்லை. பார்சலை எப்போதோ கொடுத்துவிட்டு வந்த வழியே கிளம்பியிருப்பார் என்று எண்ணிவிட்டேன்.

கந்த சஷ்டி தொடங்கியிருந்தது. புஷ்பம் விரதம். பழைய தோட்டக் குடியிருப்பு லைனில் இருக்கும் முருகன் கோவிலுக்கு என்னையும் கூட்டிப்போனாள். மழை ஊற்றியது. எங்களைத் தவிர ஆள் இல்லை.

"கும்புடாம நிக்கிறீங்களே," என்றாள்.

"என்னா கேக்குறதுன்னு தெரியல."

"புள்ளயக் கேளுங்க. வேற என்னா?"

நான் அதிகம் கும்பிடுகிறவன் இல்லை. திருவிழாவில் தேர் இழுப்பேன், சோறு தின்பேன், வருவேன். அன்று கை கூப்பினேன். எனக்கு வந்த வார்த்தை இதுதான்: "முருகா, நான் போக வழி இல்ல. அங்க எனக்கு ஆளும் இல்ல. நீ போயிப் பாரு."

வேறு எதுவும் கேட்கவில்லை. காவடி நேரவில்லை. அழவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

பிறகு ஒரு காலை, ஜெட்டியில் நிற்கும்போது டவர் வந்தது. போன் அடித்தது. நிதாய் தாதா.

"அண்ணா, டரோ மத். பயப்படாத. கௌரி ஆஸ்பத்திரியில இருக்கு. பேசுது. இந்தா, நீயே கேளு."

"அப்பா," என்றாள். அவ்வளவுதான் முடிந்தது அவளால். நான் புஷ்பத்திடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.

நடந்ததை அவர் அப்புறம் சொன்னார். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. அதனால் பார்சலைக் கொடுக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தார். மனைவிக்குக் கட்டுப் பிரித்த பிறகு யுனிவர்சிட்டிக்குப் போயிருக்கிறார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், டிபார்ட்மெண்ட் பேர் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கருவாட்டு வாசனை வேறு.

"இத எடுத்துட்டு போய்யா மொதல்ல," என்று விரட்டினாராம்.

நான் ஒழுங்காக விலாசம் எழுதியிருந்தால் பார்சல் அந்தக் கேட்டிலேயே இறங்கியிருக்கும். எழுதாததால் அவர் வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனார். கட்டடம் கட்டடமாகக் கேட்டார். கௌரி போன் அணைந்திருந்தது. கடைசியில் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த ராணி என்ற அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"அந்தமான் பொண்ணா? தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்குன்னு சொன்னாங்களே. ஹாஸ்டலே காலி."

லேபிலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஊருக்குப் போனார்கள், இவளும் போயிருப்பாள் என்று. யாரும் பொய் சொல்லவில்லை.

நிதாய் தாதா மட்டும் நின்றுவிட்டார். "ஊருக்கா? ஜகாஜ் எல்லாம் பந்த். கப்பலே ஓடல. அந்தப் புள்ள எப்படிம்மா ஹட் பே போகும்?"

தீவுக்காரனுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி வரும். சென்னையில் இருந்துகொண்டு எந்தக் கப்பல் ஓடுகிறது, எது நின்றது என்று வேறு யார் பார்ப்பார்கள்?

ராணியம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். கதவு உள்ளே தாழ். தட்டினால் பதில் இல்லை. ஆளைக் கூப்பிட்டு உடைத்தார்கள். டெங்கு. எழுந்து தண்ணீர் குடிக்கத் தெம்பு இல்லாமல் கிடந்திருக்கிறாள். ராணியம்மா மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனார். இன்னும் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டாராம்.

நாங்கள் கும்பிட்ட அதே நேரமா அது என்று கோவிலில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் நேரம் பார்க்கவில்லை. நீ போய்ப் பார் என்றேன். ஒருவர் போய்ப் பார்த்தார். எனக்கு அது போதும்.

கப்பல் விட்டதும் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் பாதியாகியிருந்தாள். "ஊருக்கு வந்துரும்மா. வேல வேணாம்," என்றேன். இந்த முறை வாய் வந்தது.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். லேப் பிள்ளைகள் இரண்டு பேர் கஞ்சியும் பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்கள். ராணியம்மா அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். "ஒக்காருங்க. தெனம் ஒருத்தர் வரணும், சொல்லிட்டேன்."

"இருக்கேம்ப்பா," என்றாள் மகள். "இப்பத்தான் இங்க நாலு பேரத் தெரியுது."

விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும் கப்பலில் பெரும்பாலும் தூங்கினேன்.

இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி வேறு வேலை தேட வேண்டும். எங்கள் களைப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது தினமும் கோவிலுக்குப் போகிறேன். முன்பெல்லாம் ஜெட்டியில் மெயின்லேண்டிலிருந்து புதிதாக யார் இறங்கினாலும் பெட்டியைத்தான் பார்ப்பேன். இப்போது முகத்தைப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நர்ஸ் பெண் வேலைக்கு வந்து இறங்கியது. கேரளா. மறுநாள் புஷ்பமும் நானும் அதன் குவார்ட்டர்ஸுக்குப் போய், சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வந்தோம். அது பயந்தே போய்விட்டது. பிறகு டீ போட்டுக் கொடுத்தது.

பக்தர்களே, கஷ்டம் வந்தால் முருகனிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தெரிய வேண்டியதில்லை. நம்பிச் சொன்னால் அவன் ஆள் அனுப்புவான். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்தில் புதிதாக வந்தவர் வீட்டுக் கதவு ரெண்டு நாள் சாத்தியே இருந்தால், போய்த் தட்டுங்கள். எங்கோ ஒரு அப்பன் கை கூப்பி நின்றுகொண்டிருப்பான். முருகன் அனுப்பிய ஆள் நீங்களாக இருக்கலாம்.