நூர் பீவியின் ஊரில் ஓர் ஆள்

நூர் பீவிக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்ததில்லை. பிறந்தது பல்லாவரம், வாழ்க்கைப்பட்டது தாம்பரம், வீடு கட்டிக் குடிவந்தது அஸ்தினாபுரம். வயது அறுபதை நெருங்கியும் ஒரே ரயில் பாதையின் ஓரத்தை விட்டு விலகாதவள். பொங்கல் வந்தால் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பெருங்களத்தூரில் போய் பஸ்ஸுக்கு நிற்கும். மாடியில் வாடகைக்கு இருக்கும் அனுப்பிரியாவும் புருஷனோடு திண்டிவனம் கிளம்பிவிடுவாள். குடிவந்த புதிதில் அவள்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எந்த ஊரு ஆன்ட்டி?"

நூர் பீவி ஹாலின் மேற்குச் சுவரைக் கைகாட்டினாள். "அதோ கீதே, அதான்."

அங்கே ஒரு படம் தொங்கியது. எந்த நாட்டுக் கிராமமோ, மண்பாதை ஒன்று வளைந்து வளைந்து மேட்டில் ஏறும். இருபுறமும் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல. செங்கல் சிவப்பில் கூரைகள். அடுப்புத் தீ மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். வானம் நீலமாக இல்லாமல் கீரையை அரைத்துப் பூசியதுபோல் பச்சையாக இருக்கும். சுண்ணாம்பு அடிக்கிறவன் அவசரத்தில் இழுத்துவிட்ட மாதிரி எல்லாமே தடித்தடியான பூச்சு. கிட்டப் போனால் ஒன்றும் புரியாது. நாலடி தள்ளி நின்றால் ஊர் கூடிவிடும்.

அவள் மகன் அதீப் ஷார்ஜாவில், படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையில் வேலை பார்த்தான். தகப்பன் பக்கீர் முகமது மௌத்தாகி அடக்கமான மறு வருஷம் போனவன் முதல் முதலாக அனுப்பிவைத்த பொருள் அது. உயிருள்ளது எதன் உருவத்தையும் சுவரில் மாட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "ஆளு, ஆடு, காக்கா, ஒண்ணுமே இல்லாத படமா தேடி எடுத்தேம்மா" என்று போனில் பெருமையாகச் சொன்னான். படம் கண்ணாடியைத் தொடாமல் அரை விரல் உள்ளே தள்ளி இருக்கும்படி பெட்டிபோல் ஃபிரேம் போட்டிருந்தான். அங்கே அப்போது அதுதான் ஃபேஷனாம்.

வந்த புதிதில் அந்த வெறிச்சோடிய தெரு அவளை உறுத்தத்தான் செய்தது. இத்தனை வீடு இருக்கிறதே, ஜனமெல்லாம் எங்கே? யோசித்து யோசித்து அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆம்பிளைகள் ஜும்மாவுக்குப் போயிருப்பார்கள். பெண்டுகள் ஆக்கி வைத்துவிட்டுக் கண்ணசந்திருப்பார்கள். இதைச் சொன்னபோது அனுப்பிரியா, "வருஷம் பூரா வெள்ளிக்கிழமையா ஆன்ட்டி அங்க?" என்று சிரித்தாள். ரம்ஜானுக்கு முன்னால் தூசி தட்டப் படத்தை இறக்கியபோது பின்னால் ஒட்டியிருந்த சீட்டையும் அவள்தான் படித்துச் சொன்னாள்.

"போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் வில்லேஜ்னு போட்டிருக்கு."

"போஸ்ட்ல எங்க வந்திச்சு? கார்கோல வந்திச்சு."

"இல்ல ஆன்ட்டி, அது ஏதோ பெயின்டிங் ஸ்டைல்."

"அப்ப ஏன் போஸ்ட்டுன்னு போடறான்?"

அனுப்பிரியா படத்தைத் தூக்கிப் பழைய ஆணியில் மாட்டினாள்.

இரண்டாயிரத்து ஏழில் நூர் பீவிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். பச்சைக் கண்ணாடியைக் கழற்றிய நாலாம் நாள், சாயங்கால அஸர் தொழுது சலாம் கொடுத்துவிட்டு, பாயில் உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தினாள். நிற்கும்போது பார்வை தரையில், நெற்றி வைக்கும் இடத்தில் இருக்கும். உட்காரும்போதுதான் கண் மேலே போகும். போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

பாதையின் இரண்டாவது வளைவில் ஓர் ஆள்.

அரிசி மணி அளவுதான். காக்கி நிறத்தில் உடம்பு, தோள் பக்கம் பை மாதிரி ஒரு நீலம், மேலே கறுப்பாகத் தலை. இத்தனை வருஷமாக அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார். அவளுக்குத்தான் தெரியவில்லை. காக்கியும் பையும் பார்த்த மாத்திரத்தில் சீட்டு ஞாபகம் வந்துவிட்டது. சும்மாவா போஸ்ட் என்று போட்டிருப்பான்? போஸ்ட்மேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறக்கும்போது, "இன்னா, கெளம்பியாச்சா?" என்பாள். சோறு வடிக்கும்போது, "வெயிலு கொளுத்துது, அந்த மரத்தடில நிக்கிறதுதானே" என்பாள். சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டு எட்டிப் பார்த்து, அது பக்கத்து வீட்டுக்கு என்று தெரிந்தால் திரும்பி, "நமக்கு இன்னிக்கும் ஒண்ணும் இல்லையா?" என்பாள். அதீப்பின் போன் வாரத்துக்கு ஒன்றாக இருந்தது மாதத்துக்கு ஒன்றாகி, பெருநாளுக்கு ஒன்றாகத் தேய்ந்துகொண்டிருந்த சமயம் அது.

காரியத்தைக் கெடுத்தது அவள் வாய்தான். வியாழக்கிழமை தோறும் யாசீன் ஓத, பக்கீர் முகமதுவின் தங்கை ருக்ஸானா பீர்க்கன்கரணையிலிருந்து பஸ் மாறி வருவாள். வெளியிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். ஓதி முடித்து டீ குடிக்கும்போது நூர் பீவி சும்மா இருக்க மாட்டாமல், "அந்த வளைவுல பாரு" என்றாள்.

ருக்ஸானா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். டீ டம்ளர் கீழே இறங்கியது.

"இன்னா அண்ணி இது, ஆளு நிக்கிறாரு."

"நிக்கல. வந்துகினு கீறாரு."

"வந்துகினு இருந்தா இன்னா, போய்கினு இருந்தா இன்னா? உருவம் உருவந்தான். இத்த எதிர்ல வெச்சுகினா இத்தினி வருஷம் தொழுதே?"

"கண்ணுல புரை இருந்திச்சே. எனக்கு எங்க தெரிஞ்சிது?"

"தெரியாம பண்ணத அல்லா மன்னிப்பான். இப்ப தெரிஞ்சிடுச்சில்ல. உருவம் கீற வூட்டுக்குள்ள ரஹ்மத்து கொண்டாற வானத்து மலக்கு வராதுன்னு ஓதிக்குடுத்ததெல்லாம் மறந்துட்டியா? அடுத்த வியாழன் இது இங்க இருந்திச்சுன்னா நான் வாசப்படி ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் ருக்ஸானா. அது நூர் பீவிக்குத் தெரியும். படத்தை வைத்துக்கொண்டால் வாரம் ஒரு தடவை வருகிற மனுஷி போய்விடுவாள், தொழுகையும் மனசை அரிக்கும். படத்தை இறக்கினாலோ மிச்ச ஆறு நாளும் வீட்டில் பேச ஆள் இல்லை.

பொறுக்க முடியாமல் அவளே ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள்.

"கடையில கஸ்டமர் நிக்கிறாங்கமா. சீக்கிரம் சொல்லு."

"அந்தப் படத்துல ஒரு ஆளு கீறாருடா."

"எந்தப் படத்துல?"

அவன் முதல் முதலாக அனுப்பியது என்று அவள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓ அதுவா. மரக்கட்டையா இருக்கும்மா. டவுட்டா இருந்தா எறக்கிடு. வேற அனுப்புறேன், வெறும் மலை மட்டும் இருக்கிற மாதிரி."

"நீ எப்ப வரே?"

"லீவு கேட்டிருக்கேம்மா. வெச்சிடட்டா?"

போன வருஷமும் கேட்டுத்தான் இருந்தான்.

மறுநாள் காலையில் மாவு சலிக்கும்போது அவளுக்குப் புலி ஞாபகம் வந்தது. பக்கீர் முகமது தாம்பரம் மார்க்கெட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்றவர். தார்ப்பாய்க் கட்டுகள் புலி மார்க் லேபிளோடு வரும். கடை திறந்ததும் மார்க்கரை எடுத்து ஒவ்வொரு புலியின் தலையிலும் அழுத்தி ஒரு தீற்று தீற்றிவிட்டுத்தான் வியாபாரம். "இன்னா பாய், தலையில்லாத புலிய விக்கிறே?" என்று லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "தலை போச்சுன்னா உருவம் இல்லப்பா, மரம்தான். மரத்த விக்கலாம்" என்பார். தங்கச்சி ருக்ஸானாவும் அண்ணன் சொல்லைத் தட்டியவள் இல்லை.

பேனாவால் கண்ணாடிமேல் கோடு போட்டுப் பார்த்தாள். துடைத்தால் போய்விட்டது. சாயங்காலம் அனுப்பிரியா வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியிலேயே மறித்தாள்.

"ஏம்மா, உன்கிட்ட கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு கீதா? இருக்கறதுலயே பொடிசா."

"உங்களுக்கா ஆன்ட்டி?"

"எனக்கில்ல. போஸ்ட்மேனுக்கு."

விஷயத்தைக் கேட்டு அனுப்பிரியா சிரிக்கவில்லை. அட்டையிலிருந்து கடுகு போல ஒன்றை உரித்து விரல் நுனியில் ஏந்திக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினாள். நூர் பீவி தொழுகைப் பாயில் தொழும்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்துகொண்டாள்.

"ஆன்ட்டி, இங்க ஆளே இல்ல."

"நல்லா பாரு."

"ரெண்டு இழுப்பு காக்கி, ஒரு இழுப்பு நீலம். மேல ஒரு கறுப்புத் தீற்று, அது மரத்தோட நிழலோட சேர்ந்துபோயிருக்கு. இதுல தலை எது?"

"அங்கேர்ந்து பாக்காத. இங்கேர்ந்து பாத்தாதான் தலை. கைய மேல தூக்கு. போதும். சோத்தாங்கைப் பக்கம். ரொம்பப் போய்ட்டே, வா வா. ஆங், அமுக்கு."

பொட்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பாயிலிருந்து பார்க்க, வளைவில் காக்கியாக ஏதோ நட்டுவைத்த மாதிரி இருந்தது. அதன் உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி. தலையும் இல்லை, ஆளும் இல்லை. நூர் பீவி, "நல்லாருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

வியாழக்கிழமை ருக்ஸானா வாசலிலேயே நின்று நூர் பீவி சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அண்ணன் தீற்றிய புலிகள் என்றதும் முகம் இளகியது. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, இந்தக் கண்ணாலும் அந்தக் கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஈ ஒக்காந்த மாதிரி கீது. பரவால்ல, ஆளு போய்ட்டாரு."

ஓதினார்கள், டீ குடித்தார்கள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டுமென்று ருக்ஸானா கிளம்பினாள். நூர் பீவி கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பொட்டு வைத்த நாளிலிருந்து சுவரைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சாப்பாடும் நின்றபடியே அடுக்களையில்தான். பீன்ஸ் நறுக்க வெளிச்சம் வேண்டுமென்று அன்று ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பாய்க்கு இடது கைப்பக்கம், சுவரை ஒட்டிய மூலை அது.

தற்செயலாகத்தான் நிமிர்ந்தாள்.

பொட்டு நகர்ந்திருந்தது. படத்தில் வளைவுக்குப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் போய்க் குந்தியிருந்தது. வளைவில் அவர், தோளில் பையோடு, தலையோடு, முழுசாக வந்துகொண்டிருந்தார்.

அவள் எழுந்து பாயில் போய் உட்கார்ந்து பார்த்தாள். தலை இல்லை. நாற்காலிக்குத் திரும்பினாள். தலை இருந்தது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அதீப் விட்டுவைத்த அந்த அரை விரல் சந்து செய்கிற வேலை என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிள்ளை அவளுக்காக விட்டுவைத்த இடம் என்று நினைத்துக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பிரியாவிடம்கூட. இந்தத் தடவை வாய் கட்டுப்பட்டது. தொழுகை பாயில், பேச்சு நாற்காலியில் என்று நாள் ஓடியது. வியாழக்கிழமை மட்டும், ருக்ஸானா வருவதற்கு முன்னால், துவைத்த துணி, துவைக்காத துணி, பீரோவில் இருந்த பழைய போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த நாற்காலியில் குவித்துவிடுவாள்.

"எப்ப வந்தாலும் இந்தச் சேர்ல துணிதானா அண்ணி?" என்றாள் ருக்ஸானா ஒரு நாள். "ஒண்டியா கீற ஒருத்திக்கு இத்தினி துணியா?"

"சேந்துபூடுது" என்றாள் நூர் பீவி.

ருக்ஸானா பஸ்ஸுக்குப் போனதும் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவ போய்ட்டா" என்றாள் சுவரைப் பார்த்து. "நீங்க வாங்க."