என் திருத்தம், டேனியின் பெயரில்

தமிழ் எழுத்துப்பிழை காட்டும், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதித் தரக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைக் கல்லூரி நண்பன் டேனி நடத்துகிறான். "நீயும் ஏதாச்சும் பண்ணு கவி, உன் பேர் நிக்கும்" என்று என்னை இழுத்துவிட்டவனே அவன்தான்.

அது ந, ன எழுத்துகளைக் குழப்புவதைச் சரிசெய்து, போன மாதம் கிட்ஹப் தளம் வழியாக அவனுக்கு அனுப்பினேன். "இப்போ தேவையில்லை" என்று ஏற்காமல் மூடிவிட்டான்.

இன்று புதிய பதிப்பு வந்தது. அல்சூர் போகும் மெட்ரோ ரயிலில் நின்றபடி போனில் பார்த்தேன். நான் எழுதிய நிரல் ஒரு வரிகூட மாறாமல் அதில் இருந்தது. நிரலோடு எழுதிய குறிப்பில் நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே. எழுதியவர் பெயர் மட்டும் டேனி.

உடனே போன் செய்தேன்.

"ரிலீஸ் அவசரம்பா, நானே போட்டுட்டேன். ஓப்பன் சோர்ஸ்ல யார் பேர் இருந்தா என்ன?"

"அப்போ என் பேரே இருந்திருக்கலாமே டேனி?"

"மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

புதிய பதிப்பில் இன்னொரு பிழை இருக்கிறது. அதையும் திருத்தி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.